காலை இல்லாதவர்களின் கஞ்சி

சாப்பாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உடனே ஒரு பாட்டி கிடைத்துவிடுகிறாள். பாட்டி கிடைத்ததும் மண்சட்டி, விறகடுப்பு, கைமணம் எல்லாம் வரிசையாக வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு எழுதுகிறவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை, பாட்டியே பார்த்துக்கொள்வாள். இந்தக் கட்டுரையிலும் ஒரு பாட்டி வரப்போகிறாள். அவள் ஏன் முதல்நாள் சாயங்காலமே மறுநாள் காலைக்கான கூழைக் கிண்டி வைத்தாள் என்ற கேள்விக்காக மட்டும்தான் அவள் எனக்கு வேண்டியிருக்கிறது. கைமணம் பற்றி என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் சாதாரணமானதுதான். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டில் காலை உணவு ஓட்ஸ் கஞ்சி. அது ராத்திரி முழுவதும் ஒரு மின்சாரப் பாத்திரத்தில் தானாக வேகிறது. ஸ்லோ குக்கர் என்று அதற்குப் பெயர். பிரான்ஸில் இருக்கும் என் அக்கா போன முறை வந்தபோது கொண்டுவந்தாள். புதுச்சேரிக் குடும்பங்களில் பாதிக்குப் பிரான்ஸில் ஓர் அக்காவோ சித்தப்பாவோ உண்டு என்பதால் இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. நான் இருப்பது பாகூர் கொம்யூனில். வேலை வில்லியனூரில், ஒரு வங்கிக் கிளையில். மனைவி பள்ளி ஆசிரியை. ஆறே முக்காலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். அப்பா பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அவருக்கு ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். ஓட்ஸில் பீட்டா குளூகன் என்று ஒரு கரையும் நார்ச்சத்து இருக்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் உள்ளே போனால் கொலஸ்டிரால் கொஞ்சம் இறங்கும் என்பதை ஏற்று, அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1997இல் ஓட்ஸ் டப்பாக்களின் மேல் அப்படி அச்சிட அனுமதித்தது. வேகும்போது கஞ்சிக்கு வருகிற வழவழப்பு இந்தச் சத்தினால்தான். மருந்தும் அதுதான், அப்பாவுக்குப் பிடிக்காததும் அதுதான்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். விமர்சகன் செய்முறை சொல்லக்கூடாது என்று எங்கும் சட்டமில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஆவியில் வேகவைத்து உருளையில் நசுக்கிய அவல் மாதிரியான ஓட்ஸ். அது மூன்று நிமிஷத்துக்கென்று ஏற்பட்டது. எட்டு மணி நேரம் போட்டால் போஸ்டர் ஒட்டுகிற பசையாகிவிடும். ராத்திரி வேக வேண்டியது அரிசி நொய் போல இரண்டு மூன்றாக உடைத்த ஓட்ஸ். ஒரு டம்ளர் நொய்க்கு நாலு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பால் ராத்திரி சேர்க்கக்கூடாது, அடிப்பிடிக்கும், திரியும். காலையில் இறக்கும்போது சேர்த்தால் போதும். நேராகக் குக்கரிலேயே போட்டால் ஓரமெல்லாம் பழுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் நொய்யையும் தண்ணீரையும் ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தைக் குக்கருக்குள் வைத்து, சுற்றிலும் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டுவிட வேண்டும். ராத்திரி பத்தரைக்குக் குறைந்த சூட்டில் போட்டால் காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு நொய்யும் தன் உருவம் கெடாமல், ஆனால் விரலால் நசுக்கினால் வெண்ணெய் மாதிரி நசுங்குகிற பதத்தில் இருக்கிறது. எங்களுடையது சின்னது, 150 வாட். எட்டு மணி நேரம் விடாமல் இழுத்தாலும் 1.2 யூனிட்தான். நடுராத்திரி கரண்ட் ஒரு மணி நேரம் போனாலும் கனத்த பீங்கான் சூட்டை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவதில்லை. மேலே வெல்லமோ வாழைப்பழமோ வறுத்த மல்லாட்டையோ போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்ற யூதர் 1936இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. அவருடைய தாய் லித்துவேனியாவின் வில்னா நகரத்து ஞாபகங்களைச் சொல்வாளாம். யூதர்களுக்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை அடுப்பு மூட்டக்கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இறைச்சி, பயறு, கிழங்கு எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அணைந்துகொண்டிருக்கும் அந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுவதும் அது வெந்து, மறுநாள் சாப்பாடாகும். சொலெண்ட் என்று அந்தப் பண்டத்துக்குப் பெயர். நாக்ஸன் செய்ததெல்லாம் அந்த அணையும் அடுப்பை ஒரு மின்கம்பிச் சுருளாக மாற்றியதுதான். அவருடைய கம்பெனியை 1970இல் ரைவல் என்ற நிறுவனம் வாங்கியது. மறுவருஷம் 'கிராக் பாட்' என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அது அமெரிக்கச் சமையலறைகளில் பரவியது.

பரவிய காலம் கவனிக்க வேண்டியது. அமெரிக்கப் பெண்கள் பெருவாரியாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த வருஷங்கள் அவை. காலையில் போட்டுவிட்டுப் போனால் ஆபீஸ் முடிந்து வரும்போது ராத்திரிச் சாப்பாடு தயார் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். அதாவது, பெயரில் 'மெது' இருக்கிறதே தவிர இந்தப் பாத்திரம் மெதுவாக வாழ்கிறவர்களுக்கு ஏற்பட்டதல்ல. நேரம் இருக்கிறவன் அடுப்பின் பக்கத்தில் நின்று அரைமணியில் ஓட்ஸ் காய்ச்சிவிடலாம். நேரம் இல்லாதவனுக்குத்தான் எட்டு மணி நேரம் வேகிற பாத்திரம் வேண்டியிருக்கிறது. இது முரண் மாதிரி ஒலிக்கிறது. ஆனால் முரண் வார்த்தையில்தான், காரியத்தில் இல்லை. பாத்திரத்தின் நேரம் வேறு, மனிதனின் நேரம் வேறு. பாத்திரம் தன் எட்டு மணி நேரத்தைத் தருவதால் மனிதனுக்கு அரைமணி மிஞ்சுகிறது.

நாக்ஸன் விண்ணப்பம் போட்ட அதே 1936இல், ஜூலை 30ந் தேதி, புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. தற்செயல்களை அடுக்கி வைத்து அர்த்தம் பண்ணுவது சுலபமான வேலை, நான் அதைச் செய்ய விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: ஒரு நாளை எட்டு மணி நேரமாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் ஆலைச் சங்கிலிருந்துதான் உலகம் பூராவும் சமையலறைக்குள் வந்திருக்கிறது. அப்பா ஆலையில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டு உலை ஷிப்டுக்கு ஷிப்டு மாறும்.

இப்போது பாட்டிக்கு வரலாம். அப்பாவின் தாய். பாகூர் ஏரிப் பாசனத்தில் மற்றவர்கள் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்தவள். அவள் கேவுரு கூழ் செய்த முறையை அத்தைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல்நாள் ராத்திரி கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்துப் புளிக்க விடுவது. மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியதும் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஊற்றித் துடுப்பால் கிண்டி, கெட்டியாக இறக்கி வைப்பது. அது ராத்திரி அப்படியே கிடக்கும். விடியும் முன் அதில் ஒரு கை எடுத்துத் தண்ணீரிலோ, கிடைத்தால் மோரிலோ கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவது. ஒரு வேளைக் கூழுக்கு இரண்டு ராத்திரிகள் வேலை செய்திருக்கின்றன.

இதை நிதானம் என்றும் முன்னோர் பொறுமை என்றும் எழுதுகிறவர்கள் ஒன்றைப் பார்ப்பதில்லை. பாட்டிக்குக் காலை என்று ஒன்று இல்லை. அது வயலுக்குச் சொந்தக்காரருடையதாக இருந்தது. அடுப்பு மூட்டிச் சமைக்கிற காலை அவளுக்குக் கிடைக்காததால், காலையின் சமையலை முந்தைய ராத்திரிகளுக்குத் தள்ளினாள். என் மனைவியின் காலை பள்ளிக்கூட மணியுடையது, என்னுடையது வங்கியினுடையது. நாங்களும் தள்ளுகிறோம். பாட்டியின் கூழுக்கும் எங்கள் ஓட்ஸுக்கும் உள்ள உறவு தானியத்தில் இல்லை, ருசியில் இல்லை, மரபில் இல்லை; இந்தத் தள்ளிவைப்பில் இருக்கிறது. வில்னாவில் காலையைக் கடவுள் எடுத்துக்கொண்டார், அதனால் அங்கே ஒரு பானை. மற்ற இடங்களில் எடுத்துக்கொண்டவர்கள் வேறு.

தணலை நம்பி ராத்திரியிடம் ஒப்படைப்பது இங்கே புதிதும் அல்ல. உமி அடுப்பில் உமியைக் கெட்டித்துப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். வரட்டித் தணலில் பகல் முழுக்கக் கிடந்து பால் சிவந்துபோகும். 1910இல் கல்கத்தாவில் டாக்டர் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 'இக்மிக் குக்கர்' என்று ஒன்றைச் செய்தார்: அடியில் கொஞ்சம் கரி, மேலே அடுக்கடுக்காகப் பாத்திரங்கள், மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டால் திரும்பும்போது சாதமும் பருப்பும் வெந்திருக்கும். பாகூரிலிருந்து அதிக தூரமில்லாத வடலூரில் 1867 மே 23ந் தேதி வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அது பசித்து வருகிறவனுக்கு நேரங்காலம் பார்க்கச் சொல்லாத அடுப்பு. பிரஷர் குக்கர் வந்து, 120 டிகிரியும் மூன்று விசிலும்தான் நவீனம் என்று ஆன பிறகு, மெதுவான தீயெல்லாம் பழமையின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. வேகமும் மெதுவும் ஒரே அவசரத்தின் இரண்டு விடைகள் என்பது இந்தக் கணக்கில் விட்டுப்போகிறது.

ஓட்ஸ் நமக்கு அந்நியம் என்ற ஆட்சேபத்தை எதிர்பார்க்கிறேன். நண்பர் ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார்: "கேழ்வரகும் கம்பும் விளைகிற ஊரில் குதிரைத் தீவனத்தை இறக்குமதி செய்து சாப்பிடுகிறீர்களே?" குதிரைத் தீவனம் என்பது பழைய கேலி. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் ஓட்ஸ் என்ற சொல்லுக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் ஜனங்கள் சாப்பிடுவது என்ற தோரணையில் பொருள் எழுதினார். பி.ஏ.யில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. அந்த அகராதி வேலையில் ஜான்சனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதிய 6 உதவியாளர்களில் 5 பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்பதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை. கூலிக்கு எழுதுகிறவனைக்கொண்டே அவனுடைய கஞ்சியைக் கேலி செய்ய முடியும் என்பது எனக்கு அந்த அகராதியில் முக்கியமான பொருள். நம் ஊரிலும் குதிரைக்குக் கொள்ளு போட்டார்கள். கொள்ளுரசம் வைத்து மனிதர்களும் சாப்பிட்டார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வேறு.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் சோவன்ஸ் என்று ஒரு பண்டம் இருந்தது. ஓட்ஸை மாவாக்கிய பிறகு உமியில் ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச மாவைக்கூட விட மனமில்லாமல், அந்த உமியைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, வடிகட்டி, அடியில் தங்கிய மண்டியைக் காய்ச்சிக் குடிப்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இது கூழ். வறுமை தன் இலக்கணத்தை எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் எழுதிக்கொள்கிறது. அவர்கள் கஞ்சி கிண்டுகிற கட்டைக்கு ஸ்பர்ட்டில் என்று பெயர். பாட்டி கையில் இருந்த துடுப்பின் சின்னத் தம்பி.

அந்நியம் என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் யோசிக்க வேண்டும். 'எழுத்து' 1959இல் தொடங்கியபின் புதுக்கவிதைக்கு எதிராக இதே வாதம்தான் வந்தது: இது நம் மண்ணில் விளைந்ததல்ல, மேல்நாட்டுச் சரக்கு. அதற்கான பதில்கள் சொல்லப்பட்டு ரொம்ப நாளாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் ஊரை வில்லியனூர் கொம்யூன் என்கிறோம். பிரெஞ்சுக்காரன் 1880இல் ஏற்படுத்திய நிர்வாகப் பிரிவு. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது, 1962இல் சட்டப்படியும் முடிந்தது, கொம்யூன் மட்டும் இருந்துவிட்டது. கொம்யூன் ஆபீசுக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற எந்தக் குடியானவரும் தான் பிரெஞ்சு பேசியதாக நினைப்பதில்லை. ஓட்ஸின் மேல் நான் தூவுகிற மல்லாட்டையை எடுத்துக்கொள்ளலாம். மணிலாக் கொட்டை மருவி மல்லாட்டை ஆனது. செடியின் பூர்வீகம் தென்னமெரிக்கா. தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் வேர்விட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய்க்குக் கப்பல் கப்பலாகப் போனது. இப்போது மல்லாட்டையை விட எங்கள் பக்கத்து வார்த்தை வேறு எது இருக்கிறது? ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது சுங்க இலாகாவின் கேள்வி. வந்த இடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பது விமர்சகனின் கேள்வி.

நண்பர் சொன்னபடி கம்பையும் கேழ்வரகையும் இந்தப் பாத்திரத்தில் போட்டுப் பார்க்காமல் இல்லை. கம்பை இடித்துப் புடைத்த நொய் அருமையாக வேகிறது. ஓட்ஸுக்கு எந்த விதத்திலும் குறைவில்லை, தண்ணீர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கேழ்வரகு மாவு அப்படியல்ல. யாரும் கிண்டாததால் அடியில் படிந்து ஒரு தட்டாக இறுகிவிடுகிறது. நொய்யைத் தனியே விடலாம். மாவோடு ஒரு கை இருந்தாக வேண்டும். இன்னொன்று, புளிப்பு. புளிப்பை உண்டாக்குவது நம் ஊர் ராத்திரியின் மிதமான சூடு. குக்கரின் சூட்டில் அந்த நுண்ணுயிர்கள் உயிரோடு இருக்க முடியாது. ஆக, இயந்திரம் பாட்டியின் முதல் ராத்திரியைச் செய்ய முடியாது, இரண்டாவது ராத்திரியை மட்டும்தான் செய்ய முடியும். புளிப்பு வேண்டுமானால் காலையில் புளித்த மோர் ஊற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படித்தான் பிடித்திருக்கிறது: ஓட்ஸ் நொய், புளித்த மோர், உப்பு, சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய்.

இந்தக் கிண்ணத்தைத்தான் ஒருநாள் அப்பாவுக்கும் கொடுத்தேன். அவர் பார்த்தார். தொடவில்லை. "இது கூழுதானேடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கூழு குடிக்கக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வச்சேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

இதுவரை நான் எழுதியது எல்லாவற்றுக்கும் எதிரே இந்த ஒரு வாக்கியம் நிற்கிறது. கூழும் ஓட்ஸும் ஒரே அவசியத்திலிருந்து வந்தவை என்று நான் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் கொடையாகக் கொடுக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வித்தை கற்றவர்கள் என்ன படித்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த மூன்று கிராமங்களில் உழுதவர்கள் காலையில் என்ன குடித்தார்கள் என்பதைப் பொறிக்க யாருக்கும் செம்பு மிச்சமில்லை. நெல் விளைகிற ஊரில் நெல்லை நட்டவர்கள் கேவுரு குடித்தார்கள் என்பதுதான் அப்பா அறிந்த பாகூர். அரிசிச் சோறு தீபாவளிக்கும் சாவுக்கும். ஆலையில் வேலை கிடைத்ததும் அவர் முதலில் செய்த காரியம் மூன்று வேளையும் சோறு என்று ஆக்கியது. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து கூழ் காய்ச்சியதில்லை. ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றுவதை மட்டும் பிரசாதமென்று வாங்குவார். தெய்வத்தின் கையிலிருந்து வந்தால் அது கூழ் இல்லை போலும்.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதையொட்டிக் கூழுக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. மண்கலயத்தில் ஊற்றி, பக்கத்தில் நாலு கிண்ணம் தொட்டுக்கைகளோடு, பெரிய ஓட்டல்களில் பாரம்பரிய உணவென்று பரிமாறுகிறார்கள். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. அரிசியில் அதில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. எனக்கு அந்த உண்மையோடு தகராறு இல்லை. கூழைக் கொண்டாடுகிறவர்களில் கணிசமானவர்கள் கூழைத் தவிர வேறு இல்லாத நிலையில் ஒருநாளும் இருந்திராதவர்கள் என்பதை மட்டும் கவனிக்கிறேன். வேண்டாமென்று சொல்ல முடியாத நிலையில் குடித்ததற்கும் வேண்டுமென்று விலை கொடுத்துக் குடிப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சத்துப் பட்டியலால் அளக்க முடியாது. அப்பா கொண்டாட்டக்காரர்களின் கட்சியில் சேர மறுப்பது அறியாமை அல்ல. அவர் நடந்து கடந்த தூரம் அது. அதைத் திருப்பி நடக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை?

ஆனால் கொலஸ்டிரால் இந்த வாதத்தையெல்லாம் கேட்பதில்லை. அவர் ஏதாவது ஒரு விதத்தில் அதைச் சாப்பிட்டாக வேண்டியிருந்தது. வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. மோர், வெங்காயம், மிளகாய் எதுவும் இல்லாமல், பால் ஊற்றி, சர்க்கரை போடாமல் வாழைப்பழம் நறுக்கிப் போட்டு, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ஒரு ஸ்பூனை வைத்து, மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். "மாமா, டாக்டர் சொன்னது" என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாப்பிடுகிறார்.

உருவமா உள்ளடக்கமா என்று நம் சிறுபத்திரிகைகளில் எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நானும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியாது என்று ஒப்புக்கொள்வது சம்பிரதாயம். ஒப்புக்கொண்ட பிறகு உருவம் என்பது ஓர் அலங்காரம் என்கிற மாதிரியே எழுதிக்கொண்டு போவதும் சம்பிரதாயம்தான். எங்கள் வீட்டு மேஜையில் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே நொய் இரண்டு கிண்ணங்களில் இறங்குகிறது. ஒன்று கூழ், மற்றது கூழ் அல்ல. ஸ்பூன் அங்கே கருவி அல்ல. கையைக் குவித்துக் கலயத்திலிருந்து உறிஞ்சிக் குடித்த ஒரு வாழ்க்கைக்கும் இன்றைக்கும் நடுவில் நிற்கிற சுவர் அது. அதை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பதும் மாறிவிடும். அப்பா உருவவாதி என்று சொன்னால் அவருக்குப் புரியாது. ஆனால் உருவத்தில் ஒரு மனிதனின் மானம் இருக்க முடியும் என்பதை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

இதிலிருந்து, எதார்த்தத்தை மறைப்பதுதான் உருவத்தின் வேலை என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஒப்பமாட்டேன். அப்பாவுக்கு உள்ளே இருப்பது என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, தெரியாத மாதிரி சாப்பிட ஒரு இடம் அவருக்கு வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைக் கொடுப்பது பொய் அல்ல. மாறாக, என்னுடைய மோர்க் கிண்ணத்தில்தான் ஒரு சின்னப் பொய் இருக்கிறதோ என்று இப்போது யோசிக்கிறேன். பாட்டியின் ருசி என்று நான் நினைத்துக்கொள்வது அவள் ருசியே அல்ல. அவளுக்கு மோர் எப்போதாவதுதான், பெரும்பாலும் தண்ணீர். எனக்கு வெங்காயம் ருசிக்கு, அவளுக்கு வெறும் கூழைத் தொண்டையில் இறக்குவதற்கு.

பாத்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது. அது எங்களுக்குக் காலையைத் திருப்பிக் கொடுத்ததாகச் சொல்ல மாட்டேன். ஆறே முக்கால் பஸ்ஸுக்கு முன்னால் ஓர் அரைமணி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் மனைவி கட்டுரை நோட்டு திருத்துகிறாள், நான் சில நாள் எழுதுகிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அப்படி எழுதப்பட்டது. அந்த நேரத்தில் அப்பா எதிரே உட்கார்ந்து ஸ்பூனால் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதை அவர் கூழ் என்பதில்லை, ஓட்ஸ் என்பதுமில்லை. 'அது' என்கிறார். நேற்று, "அதுல இன்னிக்கு உப்பு பத்தல" என்றார். பால் ஊற்றியதில் உப்பைத் தேடுகிற நாக்கு அவருடையது. நான் ஒன்றும் சொல்லவில்லை; உப்பு ஜாடியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.